தரங்கம்பாடிக் கோட்டைக்கு அக்காவுடன்

காலை ஆறு மணிக்கு வரதராஜன்பேட்டையிலிருந்து அக்காவும் நானும் கிளம்பினோம். ஜெயங்கொண்டத்தில் கும்பகோணம் பஸ். கங்கைகொண்ட சோழபுரம் கோபுரம் பின்னால் போனது; அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினோம்.

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதே எனக்கு ஆச்சரியம். கொத்து வேலைக்குப் போன மாமா, அக்காவின் கணவர், சுனாமி வந்த காலையில் காணாமல் போன ஊர் அது. உடல் கிடைக்கவில்லை. மகள் ஸ்டெல்லா அப்போது கைக்குழந்தை. அதன்பின் அக்கா கடல் இருக்கும் பக்கமே போனதில்லை.

கும்பகோணத்திலும் பிறகு மயிலாடுதுறையிலும் பஸ் மாறினோம். அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பதினொன்றரைக்கு இறங்கியபோது வெயிலும் உப்புக்காற்றும் முகத்தில் அறைந்தன. பழைய நுழைவாயிலைக் கடந்தால் தெரு நேராகக் கடலுக்கே போகிறது.

டென்மார்க்காரர்கள் மிளகு வியாபாரத்துக்கு வந்து, நானூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோட்டை. கட்டணம் ஐந்து ரூபாய். உள்ளே பீங்கான் தட்டுகளும் பழைய வாள்களும் இருந்தன. அக்கா எதன்முன்னும் நிற்கவில்லை. மேல்தளத்தில் ஏறி, மதிலைப் பிடித்துக்கொண்டு அலையையே வெகுநேரம் பார்த்தாள்.

"கீழ போலாம்டா."

மணலுக்கு வந்ததும் பையிலிருந்து ஸ்டெல்லாவின் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள்.

"மொதப் பத்திரிகை அவருக்குத்தான் வைக்கணும். கல்லறையும் இல்ல. எங்கடா வைக்கிறது?"

அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பத்திரிகையை விட்டாள். அலை இழுத்துப்போய், அடுத்த அலையில் கொண்டுவந்து போட்டது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. நனைந்த பத்திரிகையைப் பிடித்தபடி ஈர மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடி வந்தாள். நான் விவரம் சொன்னதும் அவள் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பேரு தெரியாத ஆம்பளைங்களும் கெடைச்சாங்க. வெளியூருன்னு நாங்க பிரிச்சு வைக்கலம்மா. எங்க புள்ளைங்களோட சேத்துதான் அடக்கம் பண்ணோம். எம் மவனும் அங்கதான் இருக்கான்."

"அவரும் அங்க இருப்பாரா?"

"அத யாரு சொல்ல முடியும்? மால போடறப்ப எல்லாருக்கும் சேத்துதான் போடுறோம்."

எல்லாரையும் சேர்த்து அடக்கம் செய்த இடத்துக்கு அவளே எங்களை அழைத்துப்போனாள். நனைந்த பத்திரிகையை அக்கா தரையில் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லை ஏற்றினாள். கொஞ்ச நேரம் ஜெபித்தாள். பிறகு பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்து, அந்தப் பெண்ணிடம் இரு கையாலும் நீட்டினாள்.

"எம் பொண்ணு கல்யாணங்க. குடும்பத்தோட வந்துடணும்."

அந்தப் பெண் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"கண்டிப்பா வர்றோம்."

எங்கள் ஊரில் இறந்தவர்களுக்குக் கல்லறைமேல் பத்திரிகை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவோம். அப்படி வைத்த அழைப்புக்கு ஒருவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மயிலாடுதுறை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க வந்தா மண்டபத்துல தங்க வைக்கக் கூடாதுடா. நம்ம வூட்லதான் தங்கணும்."