கோழிக்குப் போட்ட மருந்து எங்கே போகிறது?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கிள்ளானுக்குப் போனது சுற்றிப் பார்க்க இல்லை. என் தங்கை சரசு அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாய்க்காலில் இறங்கிக் கங்கோங் கீரை பறித்தபோது காலில் பட்ட கீறல் சீழ் வைத்துவிட்டது. மாத்திரை எதற்கும் மசியவில்லை. கடைசியாக ஒரு புது ஊசி போட்டிருந்தார்கள். அதற்கும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். கூடவே, "வீட்டுப் பக்கம் பண்ணை ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். கேள்வியின் அர்த்தம் உடனே புரிந்தது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கொமூட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து சரசு வீட்டுப் பக்கத்துப் பண்ணைக்குக் காப்பார் சாலையில் பத்து கிலோமீட்டர், டாக்சிக்குப் பன்னிரண்டு வெள்ளி.

"கோழிப்பண்ணைக்கா அக்கா? கண்ணாடிய ஏத்திக்குங்க லா. அந்த நாத்தம் சட்டையில ஒட்டுனா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார் டிரைவர்.

மேட்டில் பண்ணை, கீழே சரசுவின் கீரைப் பாத்தி, நடுவில் அந்த வாய்க்கால். கோழி எச்சம் மூடாமல் குவிந்து கிடந்து மழையில் கரைந்து இறங்குகிறது. பண்ணை சூப்பர்வைசர், நம் ஆள்தான், மூட்டையைப் பிரித்து ஏதோ தூளை வாய்க்கால் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ் கொட்டுறீங்க?"

"மருந்து அக்கா. தீனியில கலக்குறது. கோழிக்கு இப்பல்லாம் கேக்கமாட்டேங்குது, அதான் கொட்டுறேன்."

"கீழ ஆளுங்க தண்ணியில நிக்கிறாங்களே!"

"மருந்துதானே, விஷமா? அவங்களுக்கு நல்லதுதான் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையில் இருந்த பெயர், சரசுவுக்குக் கேட்காமல் போன அதே மாத்திரையின் பெயர். கொஞ்சங் கொஞ்சமாக மருந்து தின்று பழகிய கிருமி அந்த மருந்துக்குச் சாகாது. அந்தக் கிருமிதான் என் தங்கை காலில் ஏறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் கொட்டுகிறார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதீர்கள். பண்ணை வைத்திருப்பவர்களே, எச்சத்துக்குக் கூரை போடுங்கள், நன்றாக மக்கிய பிறகு தோட்டத்துக்கு அனுப்புங்கள். மீந்த மருந்தை விற்றவனிடமே திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம், கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.

நான் கிளம்பும்போது சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார். "கோச்சுக்காதீங்கக்கா. இனிமே இந்தத் தூள் வேணாம். புது மருந்து வந்தாச்சு, நல்லா கேக்குது" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

பெயரைப் படித்தேன். ஆஸ்பத்திரியில் சரசுவுக்கு அப்போது ஏறிக்கொண்டிருந்த ஊசி மருந்தின் வகையேதான். பிடுங்கித் தரையில் அடிக்கக் கை துடித்தது. அடித்திருந்தால் அதுவும் வாய்க்காலில்தான் இறங்கியிருக்கும்.