ஈஸ்வரமூர்த்தி பூவோடு எடுத்த பங்குனி

என் தங்கை சாமியாத்தாளின் கணவர் ஈஸ்வரமூர்த்தி கோயிலில் கைகூப்பி நின்று நான் பார்த்ததில்லை. கருமத்தம்பட்டிக்கு வடக்கே எங்கள் ஊரில் பன்னிரண்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறார். மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி கேட்டு வந்தால் மறுக்காமல் கொடுப்பார். "மைக் செட்டை மட்டும் என்ற குடோன் பக்கம் திருப்பாதீங்க. தறிச் சத்தமே சாமிக்குக் கேக்கறதில்லை, இதா கேக்கப் போவுது?" என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

சென்ற ஆனியில் அவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணம் வைக்கலாம் என்று நான் பேச்செடுத்தேன்.

"ஒருக்கா கட்டிப்போட்டுப் படுற பாடு பத்தாதுங்களா மச்சான்?" என்றார்.

"ஆரு படுறதுன்னு ஒறம்பரைச் சனத்துக்கிட்டக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்று அடுப்படியிலிருந்து சாமியாத்தாள் குரல் வந்தது.

கல்யாணம் நடக்கவில்லை. அன்று தறி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் குடோனிலேயே இலை போட்டு விருந்து வைத்தார். அவரே பரிமாறினார்.

ஐப்பசியில் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. அவர்களுடைய ஒரே மகள் அக்ஷயாவைப் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் கிருபாசங்கருக்குக் கொடுத்து ஆறு வருடம். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை தங்கியது மட்டுமல்ல, ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்தது. மருமகன் போனில் சொன்னதும் ஈஸ்வரமூர்த்தி ஒரு தறியை நிறுத்துவதற்குப் பதிலாக மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். சாமியாத்தாள் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பிள்ளைகள் இரண்டும் நல்லபடி பிறக்க வேண்டும், வரும் பங்குனி நோம்பியில் பூவோடு எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பூவோடு என்பது கட்டைகள் எரியும் மண்சட்டி. வேப்பிலைக் கொத்தின் மேல் வைத்துக் கைகளில் ஏந்தி, ஊர்க் கிணற்றடியிலிருந்து கோயில்வரை நடக்க வேண்டும். கை சுடாவிட்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று எங்கள் பெண்கள் நம்புவார்கள். பூவோடு எடுப்பவர்கள், நோம்பிக்காகக் கோயில் வாசலில் கம்பம் நட்ட அன்றே, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டியவர் நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

தையில் அக்ஷயாவுக்குக் கட்டுச்சோறு விருந்து வைத்து, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சித்திரைக் கடைசியில் நாள் குறித்திருந்தார் டாக்டர். இரட்டை என்பதால் முந்தியும் வரலாம் என்று அவர் சொன்னதை சாமியாத்தாள் காதில் வாங்கவில்லை. பங்குனியில் நோம்பி, சித்திரையில் பேறு என்று அவளாகவே ஒரு வரிசை போட்டுக்கொண்டாள். கம்பம் நட்ட அன்று காப்பும் கட்டிக்கொண்டாள்.

பூவோட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மருமகன் வந்து அக்ஷயாவை வழக்கமான பரிசோதனைக்குக் கோயமுத்தூர் கூட்டிப் போனார். பத்து மணி வாக்கில் போன் வந்தது. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தைகளை எடுக்க வேண்டும் என்றார்கள். வார்டுக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும். கிருபாசங்கருக்கு அம்மா இல்லை; அக்கா தங்கையும் இல்லை. போனை வாங்கி அக்ஷயா பேசினாள்.

"அம்மா, நீ வா. எனக்குப் பயமா இருக்குது."

"வாரேன் கண்ணு, வாரேன்" என்றாள் சாமியாத்தாள். சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

நான் போனபோது அவள் வாசலில் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏறவும் இல்லை, விலகவும் இல்லை. ஈஸ்வரமூர்த்தி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏறு புள்ள! ஒரு மஞ்சக்கயிறு உன்னையக் கட்டி வெச்சிருக்குதா?"

"இது அவளுக்காகக் கட்டுனதுங்க. நானே அத்துப்போட்டுப் போயி, அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"போகாமயே ஆயிப்போச்சுன்னா?"

அவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். இதுவரை மனைவியின் நம்பிக்கையைக் கேலி செய்து ஜெயித்தவர், அன்று ஜெயித்துவிட்டோமே என்று பயந்துபோனார். அது முகத்திலேயே தெரிந்தது. காரை விட்டு இறங்கினார்.

"வா, பூசாரிகிட்டக் கேப்போம்."

மூவரும் கோயிலுக்கு நடந்தோம். வாசலில் நின்ற கம்பத்துக்குப் பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூசாரி தம்பிதுரை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கட்டுனதைப் பாதியில அவுத்தா அது நல்லதில்லீங்க. அந்த ஊட்டுல வேற ஆராச்சும் கட்டிக்கிட்டுப் பூவோடு எடுத்தா, வேண்டுதலை நிக்கும்ன்னு நெனைக்கிறேன். எங்கப்பன் காலத்துல அப்படி ஒருக்கா நடந்திருக்குது."

"அந்த ஊட்டுல நானும் அவளும்தான்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவி, "அடேயப்பா, மூர்த்திக்கும் இன்னிக்குச் சாமி வேண்டிப்போச்சு போ!" என்றாள். வேறு சமயமென்றால் பதிலுக்கு அவர் பத்து வார்த்தை சொல்லியிருப்பார். அன்று கையை நீட்டினார்.

"கட்டுங்க தம்பிதுரை. ஆனா மஞ்ச வேட்டி கட்டமாட்டேன்."

"வெள்ளையே கட்டுங்க. குளிச்சுப்போட்டுக் கட்டுங்க, அது போதும்."

சாமியாத்தாளின் கையிலிருந்த காப்பு அவிழ்ந்து அவர் கைக்கு மாறியது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சும்மா பேச்சுக்குக் கட்டிக்காதீங்க. செய்வீங்கல்ல?"

"செய்யறேன் போ. புள்ள காத்துக்கிட்டு இருப்பா."

காப்புக் கட்டியபின் அவர் எல்லை தாண்ட முடியாது. காரை நான் ஓட்டினேன். எல்லைக் கல் வரை அவர் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தது கண்ணாடியில் தெரிந்தது.

அன்று மாலை ஒரு ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தன. இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்ஷயா கண் விழித்தபோது அம்மாவின் விரலைப் பிடித்திருந்தாள். மறுநாள் நான் ஊருக்குத் திரும்பினேன். ஈஸ்வரமூர்த்தி குடோனில் தறிகளை ஓடவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது என்று சொன்னேன். எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பூவோடு எடுக்கும் நாள் காலையில் கிருபாசங்கர் பேசினார். பையன் போய்விட்டான். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. பாப்பா இன்னும் பெட்டியில்தான் இருக்கிறாள்.

போனை வைத்தபின் நான் ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன். "காப்பை அவுத்துருங்க மாப்பிள்ளை. இதுக்கு மேல எதுக்கு? ஊருல ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

தீட்டு இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். வாழ்நாளில் அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மகள் வேறு வீட்டுக்குப் போனவள், குழந்தை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, நமக்கில்லை என்றேன்.

"அப்ப எடுக்கறேனுங்க மச்சான். பாப்பா இருக்குதல்லங்க. நான் எடுக்கலீன்னு வெச்சுக்குங்க, நாளைக்கு அதுக்கு என்ன ஆனாலும் சாமியாத்தா தன்னையத்தான் திட்டிக்குவா. சாகற வரைக்கும் திட்டிக்குவா."

பொழுது சாயும் நேரத்தில் கிணற்றடியில் குளித்து, வெள்ளை வேட்டியோடு வரிசையில் நின்றார். தம்பிதுரை சட்டியை ஏந்தக் கொடுத்தார். பழகிய பெண்கள் சட்டியை விரல்களில் தாங்கி, மெல்ல ஆட்டி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியபடி நடப்பார்கள். இவர் முப்பது வருடம் தறியில் இரும்பைப் பிடித்த மனிதர். விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"இறுக்காதீங்க! கையை மாத்துங்க!" என்று பின்னால் வந்த பெண்கள் சொன்னது பறைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. பாதித் தூரத்திலேயே வேப்பிலை நழுவி விழுந்தது. நான் பக்கத்தில் நடந்தேன். அவர் நடையை மாற்றவில்லை. கோயிலில் சட்டியை இறக்கியபோது இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்திருந்தன. தம்பிதுரை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல விபூதியை நெற்றியில் பூசினார். கைக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்காருவதற்குள் சாமியாத்தாள் போன் செய்தாள். அவரால் பிடிக்க முடியாததால் நான்தான் போனை அவர் காதில் வைத்தேன். அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"எடுத்தீங்களா?"

"எடுத்துப்போட்டேன்."

"கை சுட்டுதுங்களா?"

"இல்ல புள்ள. துளிகூடச் சுடலை."

அதற்குப் பிறகுதான் அவள் பையனை நினைத்து அழுதாள். அதுவரை அழவில்லை என்று மருமகன் பிறகு சொன்னார்.

பாப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்து, எடை ஏறும்வரை வைத்திருந்து, வைகாசி பிறந்தபின் அனுப்பினார்கள். கனிஷ்கா என்று பெயர். சுட்ட கையைச் சாமியாத்தாள் பார்த்துவிடுவாள் என்று, தறிக்கு ஆளில்லை என்ற சாக்கில் ஈஸ்வரமூர்த்தி அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அக்ஷயா காரின் பின்சீட்டில் இருந்து இறங்கினாள். குழந்தை சாமியாத்தாள் மடியில் இருந்தது. வாங்குவதற்கு ஈஸ்வரமூர்த்தி கையை நீட்டினார். தழும்பு சிவப்பாகத்தான் இருந்தது.

சாமியாத்தாள் பார்த்தாள். "இதென்னங்க?"

"வண்டி சைலன்சர் பட்டுப்போச்சு."

"ரெண்டு உள்ளங்கையுமா வெச்சீங்க சைலன்சர் மேல?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் அந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்தாள், தன் விரலால் தழும்பைத் தடவினாள். பிறகு குழந்தையை அவற்றின் மேல் வைத்தாள்.

"மெதுவாப் புடிங்க" என்றாள். "இதையும் இறுக்கிப் புடிச்சுப்போடாதீங்க."