சின்னச் சில்லுகள்

இறக்குமதியை இறுக்கிப்பிடித்த எழுபதுகளில், என் பிக்கப்புக்கு அளவான ரயர் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் கராஜ்காரர் ஒரு பழைய காரின் சின்னச் சில்லுகளை ரயரோடு கழற்றி எனக்குப் பூட்டிவிட்டார்.

"கொஞ்சம் பதிவா, நிலத்தோடை ஒட்டி நிக்கும். ஆனா ஓடும் அண்ணை," என்றார்.

தார் றோட்டில் ஓடத்தான் செய்தது. மழை பெய்த மறுநாள், அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஒழுங்கையால் வந்தேன். மாட்டுவண்டிச் சில்லுகள் கிண்டிவிட்ட இரண்டு பள்ளங்களுக்கு நடுவே புல் முளைத்த மேடு ஒன்று நீளத்துக்குக் கிடக்கும். அதை நான் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. அன்று பிக்கப்பின் வயிறு அதன்மேல் குந்திவிட்டது. கோபத்தில் மிதித்தேன். பின்சில்லுகள் சேற்றை வாரி இறைத்தன. வேகம் காட்டும் முள் முப்பது மைலுக்கு ஏறியது. பக்கத்தில் நின்ற பூவரசு பக்கத்திலேயே நின்றது.

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் முகத்துச் சேற்றை வழித்தபடி இறங்கிவந்தார்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருங்கோ."

தன் மாடுகளை அவிழ்த்துவந்து பிக்கப்பின் முன்னால் பூட்டினார். நான் சும்மா இருந்தேன். தார் றோட்டு வரும்வரை மாடுகள் இழுத்தன. அந்தக் கேடுகெட்ட முள் பூச்சியத்தைவிட்டு அசையவேயில்லை.