முழங்கால் கேட்ட மேசை

தச்சு வேலையில் உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், ரம்பத்தின் பல் தேய்ந்தால் அரம் போட்டுக்கொள்ளலாம்; முழங்கால் மடங்க மறுத்தால் என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவதில்லை. நம்மில் பாதிப் பேர், எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, "முருகா" என்று கூப்பிடுகிறவர்கள்தான். அதனால் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காவல் வேலை

அப்போது யுத்த காலம். சமயநல்லூரில் ஒரு வீட்டுக்கு உத்தரம் ஏற்றும்போது ஏணி சரிந்து விழுந்தேன். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வீக்கம் வடிந்த பிறகும் கால் மடங்கவில்லை. மதுரை தெற்கு வெளி வீதியில் நானும் என் மனைவியின் தம்பி கருப்பையாவும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். ஊரில் எல்லாத் தச்சர்களையும் போலத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிப் பிடித்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். நீட்டிய காலோடு அது நடக்கிற காரியமா?

சாயக்காரர் ரெங்கய்யர் தம் புது வீட்டு வாசலுக்கு இரட்டைக் கதவு சொல்லியிருந்தார். ரங்கூன் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. சண்டைக்கு முன்னால் வாங்கிப் பத்திரப்படுத்திய பலகைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, "இது போனா வேற பலகை கெடையாது, நீங்கதான் இழைக்கணும்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். தை மாதம் பால் காய்ச்ச வேண்டும். கருப்பையாவோ எனக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தான். மரக்கடை ஒன்றில் காவலுக்கு ஆள் வேண்டுமாம். நல்லது நினைத்துத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவன் சொன்னது இதுதான்:

"வேலைன்னு ஒண்ணுமில்ல மச்சான், கால நீட்டி உக்காந்து மரத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும், அம்புட்டுத்தான்."

சீர்வரிசை

மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை எனக்கு ஆகாது. ரயில்வே பட்டறையில் தச்சர்கள் நின்றபடி மேசைமேல் பலகையை வைத்து இழைப்பதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வாசலில் நின்று, அரை நிமிஷம். அது போதும் என்று நினைத்துவிட்டேன். "ஒரு மேசை செய்யுறேன் மாப்ள. ரெங்கய்யர் கதவ நின்னே இழைக்கிறேன். முடியலேன்னா நீ சொன்ன காவலுக்குப் போறேன்" என்றேன்.

இடித்த வீட்டு உத்தரம் ஒன்றை அறுத்து ஆறடிக்கு மேல்பலகை போட்டேன். கீழே இரண்டு பக்கமும் அலமாரி. அதுவரை எங்கள் கருவிகள் சாக்கில்தான் கிடக்கும். இழைப்புளியைத் தேடப் போய் உளியில் விரலைக் கொடுப்போம். இனி அந்தச் சங்கடம் வேண்டாம் என்று, உளிகளுக்கு அகலம் பார்த்து வரிசையாகப் பள்ளம், இழைப்புளிகளுக்குத் தட்டு, ரம்பத்துக்குச் செருகு, மூலைமட்டத்துக்குத் தனி அறை. பத்தொன்பது கருவி, பத்தொன்பது இடம். நடுவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது. அலமாரிக் கதவில் தாமரை செதுக்கினேன். யார் கேட்டார்கள் தாமரை? கருப்பையா தன் இடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

திருப்பரங்குன்றத்திலிருந்து நுகத்தடி வாங்க வந்த சம்சாரி ஒருவர், வந்த காரியத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். பிறகு மேல்பலகையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மேல மெத்தைய விரிச்சாக் கட்டிலு, கீழ தொறந்தா பீரோவு. என் மகளுக்கு இதையே சீராக் குடுத்துர்றேன் அண்ணே, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீக!"

பத்தொன்பதுக்கு அடுத்தது

ரெங்கய்யரை வரச் சொல்லி, சூடம் கொளுத்தி, அவருடைய பலகையை முதன்முதலாக மேசைமேல் வைத்தேன். உயரம் என் இடுப்புக்கு அளவெடுத்தது. முதுகு வளையவில்லை, முழங்கால் முனகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, இழைப்புளியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். பலகை மேசையின் மறு முனை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், தடாலென்று தரையில் விழுந்தது. மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது.

இருபத்தைந்து வருஷமாகப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கால். அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்ததால் அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. தாமரை வரைக்கும் யோசித்தவன், பலகையைப் பிடிக்க ஒன்றும் வைக்கவில்லை. கருப்பையா சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அவன் சிரிக்காமல் குனிந்து அந்தச் சில்லைத் தேடி எடுத்தான். மரக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற என்னை நானே பார்த்துவிட்டேன்.

ரெங்கய்யர் பலகையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சாயத் தொழிலுக்கு வருமுன் அவரும் தறிக்காரர்தான். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துப் பாவு போட்டு வளர்ந்தவர். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மெதுவாகச் சொன்னார்:

"சில்லுப் போன மூலைய கீல் பக்கம் வச்சுக்கலாம், விடுங்க ஆசாரியாரே. நாங்க பாவு போடுறப்போ நூலு நகராம இருக்கக் குச்சி நடுவோம்ல, உங்க மேசையில ஏன் ஒரு குச்சியக் காணோம்?"

அந்தப் பக்கம்

அன்றே மேல்பலகையில் வரிசையாகத் துளை போட்டேன். அவ்வளவு ஆசையாய் இழைத்த மேல்பலகை சல்லடையாகிவிட்டது. பலகையின் முன்னால் துளையில் செருகிய ஒரு முளைக்குச்சி, இரண்டு பக்கமும் முளை, இடைவெளிக்கு ஆப்பு. ஆப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இழைப்புளியை வைத்தேன். பலகை அசையவில்லை. முதல் சுருள் உடையாமல் முழு நீளத்துக்கு வந்தபோது, நான் யாருக்கும் காவலாள் இல்லை என்று தெரிந்தது. அன்று ராத்திரி இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

தைக்கு நாலு நாள் முன்னால் கதவு வாசலேறியது. பால் காய்ச்சிய அன்று ரெங்கய்யர் எனக்கும் கருப்பையாவுக்கும் தாம்பாளத்தில் வேட்டி வைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். சில்லு இருக்கும் இடம் அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் கருப்பையா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மரக்கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று, நான் கேட்காமலே சொன்னான். நான் தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருந்தேன். மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி, எனக்கு எதிர்ப் பக்கத்தில் வந்து நின்று, துளைகளை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்:

"இந்தப் பக்கம் எனக்கும் நாலு தொளை போட்டு வைங்க மச்சான், ரெண்டு நாளா எனக்கும் முழங்கால் சரியில்ல."

பத்தொன்பது கருவிக்கும் இடம் செய்து கொடுத்தேன். இருபதாவதான என் வலது கால் மட்டும், ஒவ்வொரு மழைக்கும் முதல் நாள் வலித்து, தனக்கு எந்த அறை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.