எஸ் போதும் என்றவர்களுக்கு

என் மகன் கவின் கணக்கில் தவறிவிட்டான். அதற்காக இந்த ஊரில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. இங்கிலாந்தில், லெஸ்டரில் அவன் சேர்ந்திருக்கும் காலேஜில் ஒரு பெண்மணி எங்களை உட்காரவைத்து, பள்ளி இறுதிப் பரீட்சையான ஜிசிஎஸ்இ கணக்கை இங்கேயே மறுபடி எழுதுவான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வகுப்பைக் கண்ணாடி வழியாகக் காட்டவும் செய்தார். உள்ளே வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒருத்தி சிப்ஸ் தின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு முகத்திலும் வெட்கம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “இது ஏன் அங்கே இல்லை?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். அந்தப் பெண்மணி என் மகன்மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொண்டார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவனைத் தனியாகக் கூட்டிப்போய், வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா என்று விசாரித்தாராம். கவின் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். நான் சிரிக்கவில்லை.

என் கோபம் இலங்கையில், ஹாலிஎலப் பக்கத்தில் நான் படித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின்மேல். எங்களுக்குக் கணக்கு வாத்தியார் என்று ஒருவர் நிலையாக இருந்ததே இல்லை. வருவார், இடமாற்றம் வாங்குவார், போய்விடுவார். அப்புறம் சங்கீதம் படித்த டீச்சர் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓஎல் பரீட்சை நெருங்கும்போது ஒரு வேலை நடக்கும். வட்டமும் முக்கோணமும் வரும் கேத்திரகணிதத்தை விட்டுவிடு, திரிகோணகணிதத்தைத் தொடாதே, இந்த நாலைந்து பகுதியை மட்டும் மனப்பாடம் செய், எஸ் வந்துவிடும் என்பார்கள். எஸ் என்றால் சாதாரணச் சித்தி, வெறும் பாஸ். அதற்கு மேலே சி, திறமைச் சித்தி என்று ஒன்று இருப்பதும், சில பட்டப்படிப்புகளின் வாசலில் அதைத்தான் கேட்பார்கள் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? எந்தப் படிப்புக்குக் கணக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ரிசல்ட் வந்ததும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி கொழுந்து பறிக்க ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவதுபோல எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். பிரிக்கவும் அங்கே ஒன்றுமில்லை. எல்லோரும் ஆர்ட்ஸ். அதுதான் கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழி என்று நாங்களும் சந்தோஷமாக நம்பினோம். மனதாரச் சொல்கிறேன், அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எரிந்து தொலையட்டும், என் காலம் போய்விட்டது என்று விட்டிருப்பேன். போகவிடவில்லை. என் தம்பி சிவாவின் மகள் தர்ஷினி இப்போது அதே பள்ளிக்கூடத்தில், ஓஎல் முடித்து அடுத்த கட்டமான ஏஎல் படிக்கிறாள். ஆர்ட்ஸ்தான், வேறென்ன? போன மாதம் அழைத்தாள்.

“அத்தை, கம்ப்யூட்டர் சம்பந்தமா ஒரு டிகிரி இருக்கு. எந்தப் பிரிவு புள்ளைங்களும் போகலாமாம். ஆனா ஓஎல் கணக்குல சி இருக்கணுமாம். எனக்கு எஸ்தானே.”

“திரும்ப எழுதுடீ.”

“அப்பா விடமாட்டேங்குறாரு.”

சிவாவைக் கூப்பிட்டேன். “அக்கா, பாஸான பாடத்த யாராச்சும் திரும்ப எழுதுவாங்களா?” என்றான். “புள்ள பாஸுன்னு லயத்து வீடு எல்லாத்துக்கும் கேசரி குடுத்துருக்கோம். இப்ப போயி எழுதுனா, புள்ள பெயிலாயிருச்சு, பொய் சொல்லி கேசரி குடுத்தானுங்கன்னு பேசமாட்டாங்களா?”

அவனைத் திட்டுவதா, அவனுக்காக அழுவதா? பெயிலானவர்கள்தான் திரும்ப எழுதுவார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே பள்ளிக்கூடம்தானே. இங்கே தவறியவனையே தோளில் தட்டி உட்காரவைக்கிறார்கள். அங்கே தேறியவள், இன்னும் கொஞ்சம் தேற ஆசைப்பட்டதற்கு ஒளிந்து நிற்கிறாள். அப்படி என்ன பாவம் செய்துவிட்டாள் அந்தப் பிள்ளை? ஒரு மணிநேரம் கத்திய பிறகு, “என்னமோ செய்யுங்க” என்று போனை வைத்தான்.

பள்ளிக்கூடம் வழியாக இல்லாமல் வெளியிலிருந்தே பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். ட்யூஷனுக்குப் பதுளை டவுனுக்குப் போனால் திரும்பி வர பஸ் கிடையாது. பதினோராம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பின்னால் உட்கார அனுமதி கேட்கலாம் என்று தர்ஷினி பள்ளிக்கூட அதிபரிடம் போனாள். எனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம், அவளுக்கு மத்தியானம். வீடியோவில் என்னையும் அவர் மேசைமேல் சாய்த்து வைத்தாள்.

“ஆர்ட்ஸ் புள்ளைக்கு கணக்கு எதுக்கும்மா? எஸ் இருக்குல்ல?” என்றார் அதிபர்.

“அவ கேக்குற படிப்புக்கு சி வேணும் சேர்.”

“நீங்க லண்டன்ல இருக்கீங்க. இங்கத்த நெலம உங்களுக்குத் தெரியாது.”

எனக்கா தெரியாது? அந்த மேசைக்கு முன்னால்தான் சேர் நானும் வரிசையில் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தம் போட்டால் அதன் பலனை அவள்தான் அனுபவிக்க வேண்டும். விழுங்கிக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு தர்ஷினி என்னை எடுத்துக்கொண்டு நடந்தாள். போனை நிறுத்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் கையில் தொங்கிக்கொண்டு போன எனக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்டுத் தரையும் அவள் காலில் வெள்ளைச் சப்பாத்தும்தான். ஒரு வகுப்பிலிருந்து குரல் கேட்டது.

“கேத்திரகணிதத்த விட்டுடுங்க. இத மட்டும் செஞ்சாலே எஸ் வந்துரும்.”

சப்பாத்து நின்றது.

“சேர், நான் உள்ள வரலாமா?”

“நீ ஏஎல் புள்ளதானே? ஒனக்கு என்ன இங்க?”

“எனக்கு எஸ் போதாது சேர். கேத்திரகணிதம் படிக்கணும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். இங்கே அடுப்படியில் நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். கோட்டுப் பொத்தான்கூடப் போடவில்லை. சிரிப்பு அடங்கியது.

“எனக்கே அது மறந்துபோச்சு புள்ள,” என்றார் வாத்தியார். “பாத்துட்டு வந்து சொல்லித் தாறேன். உக்காரு.”

லெஸ்டரில், பஸ்ஸுக்கு நேரமாகியிருந்த நான், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.