தூசி தங்காத வீடு

மூன்று வருடங்களுக்கு முன் ஜெர்மனியின் எசன் நகரத்தில் நடந்தது. நான் அந்த நாட்டிலேயே வளர்ந்து கட்டடக் கலைஞன் ஆனவன். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், இருபது வருடக் கனவு என்று சொல்லி, தனக்கொரு வீடு கட்டித் தரும்படி வந்து கேட்டார்.

படிக்கும் காலத்திலிருந்தே, நூறு வருடங்களுக்கு முந்திய ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்மேல் எனக்குப் பைத்தியம். பட்டம் படிக்காதவர், வெகுகாலம் கல்யாணமும் கட்டாதவர். ஆனாலும் கூட்டித் துடைக்கும் பெண்களின் சிரமத்தை நினைத்து வீடு வரைந்தார். தூசி தங்க ஒரு விளிம்பும் இருக்காது. வாசலைச் சுற்றி நிலைச்சட்டம் இல்லை, சுவரும் தரையும் சேருமிடம் வளைவு, எல்லாமே வெள்ளை. கடைசிக் காலத்தில் வேலை வற்றி, ஏறக்குறைய மறக்கப்பட்டே போனார். அவர் பாணியில் ஒரு வீட்டையாவது எழுப்பிவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆறு தடவை அண்ணை வீட்டுக்குப் போனேன். நம் வழக்கம் தெரியும்தானே! வரைபடத்தை விரித்து வைத்து ஆண்கள் நாங்கள் பேசுவோம். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தேநீரும் ரோல்ஸும் வைத்துவிட்டுப் போவார். வைக்குமுன் மேசை விளிம்பை ஒருமுறை தடவுவார். தூசி துடைக்கிறார் என்று நினைத்தேன். இவருக்காகத்தானே இந்த வீடு என்று உள்ளுக்குள் பெருமை வேறு. பெரிய கெட்டிக்காரன்தான் நான்!

சுவர் பூசி முடிந்ததும் இருவரையும் கூட்டிப்போனேன். அண்ணை வெளியே வேலையாட்களோடு நின்றுவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே நடந்த அக்கா, வாசல் இடைவெளியில் கை நழுவி விழப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“நிலை எங்கை தம்பி?”

“வைக்கேல்லை அக்கா. அதிலை தூசி பிடிக்கும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒரு கண் தெரியாது. மற்றதும் மங்கிக்கொண்டு வருது. விளிம்பைத் தடவித்தான் நடக்கிறனான். இந்த வெள்ளைக்குள்ளை சுவர் எது, வாசல் எது எண்டு தெரியேல்லை. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தன்ரை கனவையும் விட்டு வீட்டு வேலையை நிப்பாட்டிப்போடுவார்.”

அண்ணைக்குச் சொல்லாமல் இதைத் திருத்த முடியாது என்று கெஞ்சினேன். கடைசியில் அவரே சொன்னார். அண்ணை சிமெந்து மூட்டையில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நிலை வையுங்கோ தம்பி. கறுப்பாய் வையுங்கோ” என்றார்.

வாசலுக்கு வாசல் கறுத்த மரம் வைத்தோம். சுவர் நெடுகக் கைபிடியும் போட்டோம்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், அங்குள்ள எல்லாரும் வந்து உட்காரும்வரை நான் வரைபடத்தை விரிப்பதில்லை. ஆனாலும், ஆறு தடவை ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டும் ஒருதடவைகூட அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.