குழாயடியில் விழுந்த அடி

ஐயா, அம்மா, வணக்கம். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத நான், கறம்பக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் காவலாளியாக இருந்து கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, சினத்தை ஆளும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். கோபம் பொங்கினால் யாரிடமும் கேளாமல் எழுந்து, குழாயடிக்குச் சென்று முகம் கழுவித் திரும்ப வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நல்ல விதிதான். ஆனால் பள்ளியில் இருந்தது ஒரே குழாய்.

ஒரு நாள் வகுப்பில் சண்டையிட்ட இரு மாணவியர், விதிப்படியே ஒரே வேளையில் எழுந்து அங்கு சென்றனர்.

"மொகத்தக் கழுவுனா மட்டும் ஒன் ஆத்தா யோக்கியமாயிருவாளாடி?" என்றாள் ஒருத்தி.

மற்றவள் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலை ஓங்கி அவள் நெற்றியில் இறக்கினாள். விழுந்தவளின் கூந்தலைப் பற்றிச் சிமெண்ட் தொட்டியில் மோதினாள். நான் ஓடிச்சென்று விலக்குவதற்குள் மூன்று முறை மோதிவிட்டாள். என் மணிக்கட்டையும் கடித்தாள். தொட்டி நீர் சிவந்தது. நெற்றியில் ஐந்து தையல்.

தலைமையாசிரியர், அடித்தவளைப் பள்ளியிலிருந்து நீக்க டி.சி. எழுதிவிட்டார். வேறு பள்ளிக்கு அனுப்பும் வீடு அவளுடையதன்று. அத்துடன் அவள் படிப்பு முடியும்.

நான் அவரிடம் சென்றேன். பள்ளிக்கு வருமுன், எங்கள் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்பாய்ச்சியாக இருந்தவன் நான். தண்ணீருக்குப் பகைத்த இருவரை ஒரே மடையில் சந்திக்க விடலாகாது. ஆளுக்கொரு கரையில் நிறுத்தி, பேச்சை நீர்பாய்ச்சியே சுமக்க வேண்டும். ஒரு முறை நான் தவறினேன். மண்வெட்டி ஒருவரின் தோளெலும்பைப் பிளந்தது. அதைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே கொழாய்க்குப் போறதப் பாத்தும் நான் சும்மா ஒக்காந்திருந்தேங்க. ஒரு வாரம் பொறுங்க."

"இன்னொரு அடி விழுந்தா டி.சி.யை நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார்.

ஆசிரியை விதியை மாற்றினார். அடிபட்டவளுக்குக் குழாய், அடித்தவளுக்கு மதிலோர வேம்பு. இடையில் நான்.

கட்டுப் போட்ட தலையுடன் வந்தவள் சொன்னாள்: "தாத்தா, அந்தக் காளிகிட்டச் சொல்லுங்க. அவ ஆத்தாவப் பேசுனது தப்புதான். ஆனா அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

வேம்படியிலிருந்து பதில் வந்தது: "முழிக்க வேணாம். தையலு வலிக்குதான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

ஐந்தாம் நாள் வேறொருத்தி, அடித்தவளைக் கொலைகாரி என்றாள். ஓங்கிய கையை இறக்காமலே அவள் வேம்புக்கு ஓடி, கால்நகம் பெயர்ந்து இரத்தம் வழியுமட்டும் மரத்தை உதைத்தாள். நான் தடுக்கவில்லை. சன்னலில் நின்று பார்த்த தலைமையாசிரியர், அன்று மாலை டி.சி.யைக் கிழித்துப் போட்டார்.

மரத்தின் பட்டை உரிந்தே இருக்கிறது. இக்குறிப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.